மஞ்சள் தண்ணீரில் நனைத்த பாலே சப்பாத்து

இதை எழுதவேண்டும் என்று நினைத்துக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக மூன்று வருஷம் போய்விட்டது. எழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஊரில் ஓ.எல். என்கிற பத்தாம் வகுப்புச் சோதனை வரைக்கும்தான் படித்தேன், அதுவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து. இங்கே ஒக்லண்டுக்கு வந்தபின் நான் எழுதியதெல்லாம் வேலையிடத்துப் படிவமும் கடைச் சாமான் துண்டும்தான். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம்.

நடந்தது இவ்வளவுதான். என் மகளின் பாலே நடனச் சப்பாத்தை, ஒரு நடனப் பள்ளியில் சேர அவள் ஆடிக்காட்டவேண்டிய தெரிவுக்கு இரண்டு நாளுக்கு முன் நான் பழுதாக்கிவிட்டேன். வேணுமென்று செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்பதுதான் கேள்வி. என் கணவரே என்னிடம் அதைக் கேட்டார். கோயிலில் நாலுபேர் நாலுவிதமாகக் கதைக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

நான் முதியோர் இல்லமொன்றில் காலை வேலை. விடியவே போய், எழும்ப முடியாதவர்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி, மூன்று மணிக்கு வெளியே வரும்போது முழங்கால் இரண்டும் என்னுடையது போலவே இருக்காது. அதோடு பள்ளிக்கூட வாசலில் மகளை ஏற்றிக்கொண்டு லின்ஃபீல்டிலிருந்து கிளென் ஈடன் போகவேண்டும். அங்கே ஒரு பழைய மண்டபத்தில்தான் பாலே வகுப்பு. கிழமைக்கு மூன்று நாள். எட்டு வருஷம்.

ஏழு வயதில் அவளோடு படித்த பிள்ளைகள் சேர்கிறார்கள் என்று இவரும், என் கணவரைச் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டார். நீச்சல் வகுப்பைப்போல இரண்டு தவணையில் விட்டுவிடுவாள் என்று நானும் பேசாமல் இருந்தேன். அவள் விடவில்லை. பரதத்துக்கும் ஒரு தவணை அனுப்பிப் பார்த்தேன். "அம்மா, அதில கீழ இருக்கோணும். எனக்கு மேல போகோணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை. உடம்போடு ஒட்டின உடுப்பு. முன்னுக்கு ஒரு சாமிபடம் இல்லை, தொடங்கும்போது ஒரு கும்பிடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சப்பாத்து. அடியில் தோல். நுனிவிரலில் நிற்கிற அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குள்ளே, சாமியறைக் கதவுக்கு முன்னாலேயே 'டொக் டொக்' என்று நடப்பாள்.

"சப்பாத்தோட சாமியறைப் பக்கம் போகாதை!"

"இது சப்பாத்து இல்ல அம்மா. இது என்ர காலில ஒரு பகுதி."

"அப்ப உன்ர காலைக் கழட்டி வாசலில வைச்சிட்டு வா."

இவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். நான் சிரிக்கவில்லை.

பதினைந்து வயதில் அந்தப் படிவம் வந்தது. நகரத்தில் முழுநேரமாக நடனம் படிப்பிக்கிற ஓர் இடம். தெரிவானால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே போகலாம். ஆடி மாதம், இங்கே நல்ல குளிர்காலம். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று நான் ஒரு நேர்த்தி வைத்தேன். 'அப்பனே, இந்தப் பிள்ளை இதில் தெரிவாகாமல் பார்த்துக்கொள். நான் மோதகம் அவித்துப் படைக்கிறேன்.' இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. எந்தத் தாயும் கேட்கக்கூடாததைக் கேட்டேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

தெரிவில் ஆடினால் மட்டும் போதாதாம். இந்த ஆட்டம் எங்கேயிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்று தெரிவுக்காரர்களுக்கு முன்னால் சில நிமிஷம் பேசவும் வேண்டுமாம். மகள் அதை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்க்க வெட்கப்பட்டாள். காரில் எனக்குச் சொல்லிப் பழகினாள். இங்கிலீஷில் ஓடுவாள். எனக்கு விளங்காவிட்டால் தமிழுக்கு இறங்குவாள். அப்படித்தான் மவுண்ட் ரொஸ்கில் வாகன நெரிசலுக்குள்ளே நான் பாலேயின் கதையைக் கேட்டேன்.

முதலில் அது மேடை ஆட்டமே இல்லையாம். இத்தாலியில் பிரபுக்கள் வீட்டுக் கலியாண விருந்தில், ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில் ஆடினார்களாம். அங்கேயிருந்து ஒரு பெண் பிரான்ஸ் ராச குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது ஆட்டமும் கூடப் போனதாம். அந்த அரண்மனையில் பாட்டும் வசனமும் ஆட்டமுமாக மணிக்கணக்காய் நடத்தியிருக்கிறார்கள்.

"நடுவில சாப்பாடு குடுத்தவையோ?"

"அம்மா, போக்கஸ். பிறகு ஒரு கிங் வாறார். அவர் சின்ன வயசிலயே சூரியன் வேஷம் போட்டு ஆடினவர்."

"ராசாவுக்கு வேற வேலை இல்லையோ?"

"அதுதான் அவற்ற வேலை. நல்லா ஆடத் தெரியாட்டி அரண்மனையில மதிப்பில்லை. அவர்தான் டான்சுக்கு எண்டு ஒரு அகடமி தொடங்கினவர். கால் வைக்கிற அஞ்சு நிலையும் அவற்ற மாஸ்டர் ஒழுங்குபடுத்தினது. அதாலதான் இண்டைக்கும் எல்லாச் சொல்லும் பிரெஞ்சு."

ஆடுகிற ராசா என்றால் எனக்குத் தில்லைதான் நினைவுக்கு வரும். இது வேறு ராசா. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சூரிய வேஷம் மனதில் நின்றது.

இன்னொரு நாள் பெண்களின் கதை. ஆரம்பத்தில் மேடையில் ஆண்கள்தான் முகமூடி போட்டுப் பெண்ணாக ஆடினார்களாம். பிறகு பெண்கள் வந்தபோதும் குதி உயர்ந்த சப்பாத்து, நிலம் கூட்டுகிற பாவாடை. ஒருத்தி தன் கால்வேலை தெரியட்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினாளாம். ஊரே எதிர்த்துக் கிளம்பினதாம்.

"ஆர் கிளம்பினது?" என்று கேட்டேன்.

"உங்களை மாதிரி ஆக்கள்" என்றாள்.

பிறகு குதி கழன்றது. பிறகு ஒரு தகப்பன் தன் மகளை வதைத்து வதைத்துப் பழக்கி நுனிவிரலில் நிற்க வைத்தாராம். அவள் போட்டது வெறும் பட்டுச் சப்பாத்து, நுனியிலே ஊசிநூலால் தைத்துத் தைத்துத் தடிப்பாக்கினது. ஆட்டம் பிரான்சிலிருந்து ருஷ்யாவுக்குப் போய், அந்த மன்னர்களின் பணத்தில் பெரிதாகி, பிறகு கப்பலேறி உலகம் சுற்றி, கடைசியில் இந்த நாட்டுக்கும் வந்ததாம். பாரிசில் ஆடப் போனவர்கள் பலர் ஏழைப் பிள்ளைகள். தாய்மார்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். மேடைக்குப் பின்னால் பணக்கார ஆண்கள் காத்து நிற்பார்கள். அதை அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"எங்கட ஆக்களும் இதுக்குள்ள வாறவை, தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். புதுச்சேரிப் பக்கத்துக் கோயிலொன்றில் ஆடின பெண்களை ஆரோ ஒருவர் ஒப்பந்தம் பேசிப் பாரிசுக்குக் கூட்டிப்போய் ஆடவிட்டாராம். சனம் திரண்டுபோய்ப் பார்த்ததாம். கன காலத்துக்குப் பிறகு ருஷ்யாவில் கோயில் ஆட்டக்காரி ஒருத்தியின் கதையைப் பாலேயாகவே போட்டார்களாம். நான் நம்பவில்லை. அவள் நூலகத்திலிருந்து படம்போட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சலங்கை கட்டின எங்கள் பெண்கள், பிரான்சுக்காரன் கீறின படத்தில். அந்தக் குளிர் ஊரில் அவர்கள் எங்கே விளக்கேற்றியிருப்பார்கள், யாருக்குக் கும்பிடு போட்டிருப்பார்கள் என்று எண்ணி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அன்றோடு என் மனம் இளகிவிட்டது என்று சொல்லவேண்டும். ஆனால் நேர்த்தியைத் திருப்பி எடுக்கிற வழி எனக்குத் தெரியவில்லை. 'அப்பனே, நான் கேட்டதை மறந்துவிடு' என்று போய்ச் சொல்லியிருக்கலாம். ஐயரிடம் கேட்டிருக்கலாம். வேலை, கார், சமையல், படுக்கை. வாற வெள்ளி பார்ப்போம், வாற வெள்ளி பார்ப்போம் என்று அது அப்படியே கிடந்தது.

அந்த வருஷம் சரஸ்வதி பூசை லேபர் டே விடுமுறைத் திங்கட்கிழமையில் வந்தது. செவ்வாய் விஜயதசமி. அன்று காலை பத்தரைக்குத்தான் தெரிவு. ஞாயிறு பின்னேரம் சாமியறையில் நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் தான் வேலைக்கு ஓடுகிற வான் வண்டியின் திறப்பைக் கொண்டுவந்து வைத்தார். நான் வேலையிடத்துப் பெயர்ப்பட்டியை வைத்தேன். மகள் கதவடியில் வந்து நின்றாள், கையில் புதுச்சோடிச் சப்பாத்து. தெரிவுக்கென்று வாங்கி, நாடா தைத்து, இரண்டு கிழமையாக வளைத்துக் காலுக்குப் பழக்கி வைத்திருந்தது.

"அம்மா, இதையும் வைக்கலாமோ?"

பூசை என்றால் ஒளித்துத் திரிகிற பிள்ளை. தானாக வந்து கேட்டது அதுதான் முதல்தரம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே நேரம் அடியிலிருந்த தோலும் கண்ணில் பட்டது. செத்த மாட்டின் தோலைச் சரஸ்வதிக்கு முன்னால் எப்படி வைப்பது? வைக்கமாட்டேன் என்று சொன்னால் பிள்ளை இனிக் கேட்கவேமாட்டாள்.

"தா. அம்மா வைக்கிறன்" என்றேன்.

அவள் தலைமுழுகப் போனாள். நான் ஒரு சட்டியில் மஞ்சள் கரைத்தேன். எங்கள் வீட்டில் தீட்டுப் பட்ட எதற்கும் அதுதான் செய்வோம். தெளித்தால் போதும், ஆனால் தோல் என்றபடியால் தெளிப்புப் போதாது என்று பட்டது. இரண்டையும் முக்கி எடுத்தேன். உள்ளே நுனியில் மரக்கட்டை இருக்கிறது என்று எட்டு வருஷமாக நினைத்திருந்தேன். அந்தச் சத்தம் அப்படி. மரத்துக்குத் தண்ணீர் என்ன செய்யும்? மேலே பட்டு, காய்ந்துவிடும். பால்கனியில் வைத்தேன், மழை தூறினது. எடுத்துச் சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள்ளே வைத்தேன். படுக்கப் போகுமுன் சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத்துணியில் சுற்றித் தட்டில் வைத்து, கும்பிட்டேன். அந்தக் கும்பிடு உண்மையான கும்பிடு. பிள்ளை நன்றாக ஆடவேண்டும் என்றுதான் கேட்டேன். சரஸ்வதியிடம் அதைக் கேட்டேன். பிள்ளையாரிடம் முன்பு கேட்டது வேறு. இரண்டும் என் வாயால் வந்ததுதான்.

பூசையில் வைத்ததை மறுநாள் முழுக்கத் தொடக்கூடாது. அந்த ஒழுங்கை அவளும் மதித்துத் திங்கள் முழுவதும் நுனிவிரலில் நிற்க உதவாத பழைய மெல்லிய சப்பாத்தில் பழகினாள்.

செவ்வாய் காலை தீபம் காட்டி, தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் துணியைப் பிரித்தாள். பட்டு முழுக்க மஞ்சள். பெருவிரலால் நுனியை அமத்தினாள். அது உள்ளே போனது, தண்ணியில் ஊறின பாண் ரொட்டி போல.

"என்ன செய்தனீங்கள்?"

"மஞ்சள் தண்ணியில ஒருக்கா..."

"தண்ணியிலயோ? அம்மா, இது பேப்பர்! பேப்பரும் துணியும் பசையும். நான் சொன்னனான். காரில சொன்னனான். எப்பிடிச் செய்யிறது எண்டு முழுக்கச் சொன்னனான்."

"எனக்குச் சொல்லேல்லை, பிள்ளை."

"சொன்னனான். நீங்கள் ஓம் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

அந்த நாள் எனக்கு நினைவில்லை. வகுப்பு முடிந்து வரும்போது இவர் கார் ஓடின நாளாக இருக்கவேண்டும். அப்படியான நாட்களில் பின்சீற்றில் நான் கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிடுவேன். வேலையிடத்திலும் கிழவிகள் கதைக்கும்போது 'ஓம் ஓம்' என்று தலையாட்டிப் பழகிவிட்டேன்.

இவர் சாமியறை வாசலில் வந்து நின்றார். சப்பாத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இஞ்சேரும், நீர் வேணுமெண்டு செய்தனீரோ?" என்றார். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிசன். நான் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. என் மனம் நேரே அந்த மோதக நேர்த்திக்குப் போய்விட்டது. பிள்ளையார் கேட்டதைக் கொடுத்துவிட்டார், என் கையைக்கொண்டே கொடுத்துவிட்டார் என்றுதான் அந்த நேரம் தோன்றியது. நான் பேசாமல் நின்றதை அவர்கள் இருவரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

சப்பாத்துக் கடை திறப்பதே பத்து மணிக்கு. புதுச்சோடி வாங்கினாலும் காலுக்கு அளந்து, தைத்து, பழக்க நாளெடுக்கும். பழைய நுனிவிரல் சோடி நைந்து, முந்தின கிழமைதான் குப்பைக்குப் போயிருந்தது. வகுப்பு ரீச்சர், ஒரு வெள்ளைக்கார மனிசி, தொலைபேசியில் சொன்னாள்: மெல்லிய சப்பாத்தோடேயே போகட்டும், நடந்ததைத் தெரிவுக்காரரிடம் சொல்லட்டும். இவர்தான் கூட்டிப்போனார். என்னை வரவேண்டாம் என்று மகள் சொல்லவில்லை. காரின் முன்சீற்றில் தன் பையை வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு இவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். தெரிவுக்காரர் இரக்கத்தோடு கேட்டார்களாம். முதல் பகுதி நன்றாக ஆடினாளாம். சரித்திரம் பேசும்போது, மனிதர் நுனிவிரலில் நிற்கத் தொடங்குமுன்பே இந்த ஆட்டம் தலைமுறை தலைமுறையாக இருந்தது என்று அவள் சொல்ல, அவர்கள் சிரித்தார்களாம். ஆனால் அடுத்த பகுதி அந்தச் சப்பாத்து இல்லாமல் பார்க்க முடியாத பகுதி. மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இந்தமுறை இல்லை, அடுத்த வருஷம் வரலாம் என்று இருந்தது. அடுத்த வருஷம் அவள் போகவில்லை.

வீட்டில் சண்டை இல்லை. அதுதான் களைப்பு. சாப்பிட வா என்றால் வந்தாள், போ என்றால் போனாள். காரில் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டாள். கோயிலில் கதை வேறுமாதிரிப் பரவியது. மடப்பள்ளியில் நான் வெண்டைக்காய் வெட்டிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் ஒருத்தி சொல்கிறாள்: "சப்பாத்தை அடுப்பில போட்டுக் கொளுத்தினவவாம். பெட்டை வீட்டை விட்டே போட்டுதாம்." பெட்டை வெளியே காரில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுப் பெண்ணிடம் மட்டும்தான் நான் அழுதிருந்தேன். அவளைக் கேட்டேன்.

"அக்கா, நான் தப்பா எதுவும் சொல்லலக்கா. நீங்க மஞ்சத் தண்ணியில முக்கினீங்கன்னு மட்டும்தான் சொன்னேன். பாவம் அக்கான்னுதான் சொன்னேன்."

"அப்ப அடுப்பு எங்கயிருந்து வந்தது?"

"ஆமாக்கா, எனக்கும் அதான் தெரியல."

கார்த்திகை வந்தது, மார்கழி வந்தது. நேர்த்தி என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, படைக்காமல் விட்டால் குற்றம். படைத்தால், என் பிள்ளையின் கண்ணீருக்கு நன்றி சொன்னமாதிரி. ஐயரிடம் ஆளைச் சொல்லாமல் கேட்டேன். "அம்மா, நேர்த்தியெண்டா கடன்தானே. குடுத்திட்டு, மனசில இருக்கிறதை அங்கேயே சொல்லிப்போட்டு வாங்கோ" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மோதகம் அவித்துச் சாமியறையில் படைத்தேன். பிள்ளையாரிடம் ஒன்றும் சொல்ல வரவில்லை. கும்பிட்டுத் திரும்பினால் மகள் அடுப்படியில் நின்று, சட்டியில் மிச்சமிருந்த ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன விசேஷம்? வாட்ஸ் இட் ஃபோர்?"

வாய்க்குள் மோதகத்தோடு சும்மா கேட்ட கேள்வி. பிறந்தநாளா, சதுர்த்தியா என்று அறியத்தான் கேட்டாள். பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். குளிர்காலத்தில் வைத்த நேர்த்தி, பாரிசுக்குப் போன பெண்களின் படத்தோடு மனம் மாறினது, அதைத் திருப்பிச் சொல்லாமல் நாளைக் கடத்தினது, சப்பாத்துக்குள்ளே மரம் என்று நம்பினது, அன்று காலை ஏன் வாய் திறக்கவில்லை என்பது, ஒன்றும் விடவில்லை.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"நான் தெரிவாகக்கூடாது எண்டு கேட்டனீங்கள்."

"ஓம்."

"ஆனா அதுக்காக நனைக்கேல்லை."

"இல்லை, பிள்ளை. சாமி சத்தியமா இல்லை. நீ வைக்கக் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோசம்."

அவள் விழுங்கினாள். "நான் மற்றதைத்தான் நினைச்சிருந்தனான். வேணுமெண்டு நனைச்சிருக்கிறியள், ஆனா ஏன் எண்டு தெரியேல்லை எண்டு." பிறகு இங்கிலீஷில் கொஞ்சம் சொன்னாள், வேகமாக, எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் தமிழில் சொன்னாள்: "நீங்கள் கேட்டது வேற, செய்தது வேற. நான் ரெண்டுக்கும் தனித்தனியாத்தான் கோவிப்பன். ஒண்டு முடிஞ்சிடும். மற்றது முடியுமோ தெரியாது."

முடிகிறது எது, முடியாதது எது என்று அவள் சொல்லவில்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை. இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். சனிக்கிழமையில் கிளென் ஈடன் மண்டபத்துக்குத் தானே கார் ஓடிப்போய் ஆடிவிட்டு வருகிறாள். சில நாள் வந்து கதைப்பாள், சில நாள் கதைக்கமாட்டாள். எல்லாம் அறிந்தபின் இவர், என்னை அப்படிக் கேட்டதற்கு இரண்டுதரம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். நான் பிள்ளையிடம் எத்தனைதரம் கேட்டேன் என்று எண்ணவில்லை.

இதை வாசிக்கிற நீங்கள் கோயிலிலோ கலியாண வீட்டிலோ இந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கோ, நான் மறிக்கவில்லை. ஆனால் அடுப்பைச் சேர்க்காதீர்கள். பிள்ளை வீட்டை விட்டுப் போனாள் என்று சொல்லாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு, தாய்க்கு ஒன்றும் தெரியாது, தவறிப்போய் நடந்தது என்று மட்டும் சொல்லி அந்த நேர்த்தியை விட்டுவிடவும் வேண்டாம். அதை விட்டால் என் மகள் கோபப்பட்டதில் பாதி பொய்யாகிவிடும். நான் எழுதினபடியே சொல்லுங்கோ.